கான்டியோன் பீரைச் சுவைத்துப் பேச: பிரஸ்ஸல்ஸுக்குப் புதிதாக வருவோருக்கு

பெல்ஜியத்துக்குப் படிக்க வந்த முதல் வருடம், ஒரு புதன்கிழமை மதியம் லூவனில் ரயில் ஏறி பிரஸ்ஸல்ஸ் போனேன். மழையில் நடந்து கான்டியோன் என்ற பீர் ஆலையின் வாசலுக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. புதன்கிழமை விடுமுறை என்பதைப் பார்க்காமல் கிளம்பியிருக்கிறேன். இரண்டாம் முறை உள்ளே போய்விட்டேன். கையில் கொடுத்த கிளாஸை ஒரு வாய் குடித்ததும், இது கெட்டுப்போன பீர் என்று முடிவு கட்டி மீதியை அப்படியே வைத்துவிட்டேன். மூன்றாம் முறை பாட்டில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து திறக்கத் தெரியாமல் திறந்தேன். பாதி பீர் மேசை விரிப்பில் போனது.

இன்று அதே ஆலையின் பீரை மாதம் ஒரு முறை ஐந்து பேர் உட்கார்ந்து சுவைத்து, எழுதி, பேசுகிறோம். என் மாதத்தில் நான் மிகவும் எதிர்பார்க்கும் மாலை அதுதான். நான் இழந்த மூன்று வாய்ப்புகளை நீங்களும் இழக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வரிசையாகப் படியுங்கள். அவசரம் என்றால் 2, 7, 8 மூன்றையும் மட்டுமாவது படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

1. குடிக்கப் போவது என்ன என்று ஐந்து நிமிடம் தெரிந்துகொள்ளுங்கள்

கான்டியோனில் காய்ச்சுவது லாம்பிக். ஊரில் நமக்குத் தெரிந்த பீரும் இதுவும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்கின்றன, அவ்வளவுதான். வழக்கமான பீரில் ஆலைக்காரர் தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டைப் போட்டு நொதிக்க வைப்பார்கள். லாம்பிக்கில் ஈஸ்ட்டே போடுவதில்லை. முளைகட்டிய பார்லி ஏறக்குறைய 65 சதவீதம், முளைகட்டாத கோதுமை 35 சதவீதம் என்று சேர்த்து, பழைய ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) போட்டுப் பல மணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். கொதித்த சாற்றைக் கூரைக்குக் கீழே இருக்கும் அகலமான, ஆழம் குறைந்த செம்புத் தொட்டியில் ஒரு இரவு திறந்தே ஆற விடுகிறார்கள். காற்றிலும் கட்டடத்திலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தாமாக இறங்குகின்றன. காலையில் அது மரப் பீப்பாய்க்குப் போகும். நொதித்தல் அங்கேயே ஆண்டுக்கணக்கில் நடக்கும்.

ராத்திரி மாவை அரைத்து வைத்து, காலையில் பொங்கியிருப்பதைப் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. இட்லி மாவில் நாமும் ஈஸ்ட் போடுவதில்லை.

ஹாப்ஸைப் பழசாக்கிப் போடுவது கசப்பு வேண்டாம் என்பதால். இரண்டு மூன்று வருடம் கிடந்த ஹாப்ஸில் கசப்பு பெரிதும் போய்விடும், ஆனால் வேண்டாத பாக்டீரியாவை அடக்கும் குணம் கொஞ்சம் மிஞ்சும். அதனால் இந்தப் பீரில் நாக்கில் நிற்பது புளிப்பும் துவர்ப்பும்தான். கசப்பைத் தேடாதீர்கள்.

பெயர்கள் நான்கைந்து தெரிந்தால் போதும். லாம்பிக் என்றால் பீப்பாயிலிருந்து வருவது, நுரையே இல்லாதது. கூஸ் என்றால் ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயது லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் மறுபடி நொதிக்க விட்டது, ஷாம்பெயின் போலப் பொங்கும். கிரீக் என்றால் புளிப்புச் செர்ரி ஊறியது, லிட்டருக்குச் சுமார் 200 கிராம் பழம். ரோஸே தெ காம்பிரினுஸ் ராஸ்பெர்ரி. ஃபூ ஃபூன் ஆப்ரிகாட். சேன் லாம்வினுஸ் கறுப்புத் திராட்சை. இந்த ஆலையின் ஈரிஸ் மட்டும் வேறு சாதி: அதில் கோதுமை இல்லை, ஹாப்ஸிலும் ஒரு பங்கு புதியது.

கூஸ் என்று நான் எழுதுவது சரியான உச்சரிப்பு இல்லை. 'கூ'வுக்கும் 'கே'வுக்கும் நடுவில் உதட்டைக் குவித்துச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னாலும் கொடுப்பார்கள்.

2. நாளையும் மணியையும் முதலில் உறுதிசெய்யுங்கள்

ஞாயிறும் புதனும் ஆலை மூடியிருப்பது வழக்கம். திறந்திருக்கும் நாட்களிலும் மாலை ஐந்து மணி அளவில் முடித்துவிடுவார்கள், கடைசி அனுமதி அதற்கு ஒரு மணி நேரம் முன்பே நின்றுவிடும். பொதுவிடுமுறைகளிலும் ஆண்டுக் கடைசியிலும் நேரம் மாறும். கிளம்பும் அன்று காலையிலேயே ஆலையின் இணையதளத்தைத் திறந்து பாருங்கள், முந்தின வாரம் பார்த்தது போதாது.

எந்த மாதம் போவது? பீர் காய்ச்சுவது குளிர்காலத்தில் மட்டும், அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. வெப்பமான இரவில் சாறு வேண்டிய அளவுக்கு ஆறாது, கெடுக்கும் கிருமிகளும் பெருகும். காய்ச்சும் வேலையை நேரில் பார்க்க வேண்டுமென்றால் இந்த மாதங்களில் போங்கள். இலையுதிர்காலத்தில் ஒன்றும் வசந்தத்தில் ஒன்றுமாக, காய்ச்சுவதைப் பொதுமக்கள் பார்க்கும் நாட்களும் நடத்துவார்கள். விடியும் முன்பே தொடங்கிவிடும், கூட்டமும் அதிகம். ஆவி மண்டிய அறையில் தானியம் வேகும் வாசனைக்காக ஒரு முறையாவது அதற்குப் போகலாம். கோடையில் போனால் காய்ச்சும் அறை சும்மா கிடக்கும், ஆனால் பீப்பாய்க் கூடத்தையும் சுவைப்பதையும் எந்த மாதத்திலும் இழக்க மாட்டீர்கள்.

என் பரிந்துரை: சனிக்கிழமையைத் தவிருங்கள். செவ்வாய் அல்லது வியாழன் காலை பதினொரு மணி. மேசை கிடைக்கும், ஊழியர்களுக்குப் பதில் சொல்ல நேரம் இருக்கும், உங்கள் நாக்கும் அப்போது சுத்தமாக இருக்கும்.

3. கையில் இருக்க வேண்டியவை

அடையாள அட்டை. பெல்ஜியத்தில் பீர் குடிக்கச் சட்டப்படி வயது 16, ஆனால் இது அதைக் காட்டுவதற்காக மட்டும் இல்லை. இந்த நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட எவரும் அடையாளச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இங்கே தங்கிப் படிப்பவர் என்றால் குடியிருப்பு அட்டை. சுற்றுலா விசாவில் வந்தவர் என்றால் பாஸ்போர்ட். போட்டோ எடுத்து போனில் வைத்திருப்பதை எல்லா இடத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால் முன்பதிவு உறுதி வந்த மின்னஞ்சல். எந்த மொழிச் சுற்று என்பதைப் பதிவு செய்யும்போதே பாருங்கள். பிரெஞ்சு, டச்சு, ஆங்கிலம் மூன்றுக்கும் தனித்தனி நேரம் இருக்கும். நான் ஒரு முறை டச்சுச் சுற்றில் மாட்டிக்கொண்டேன், ஒரு மணி நேரம் கையசைவை வைத்தே புரிந்துகொண்டேன்.

வங்கி அட்டையோடு கொஞ்சம் ரொக்கமும். கனமான துணிப்பை ஒன்று, பாட்டில்களைச் சுற்ற இரண்டு பழைய துண்டுகள். ஒரு சின்ன நோட்டும் பென்சிலும். போனில் குறித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் போனை எடுத்தால் அடுத்த நொடி பிறர் கொடுத்த மதிப்பெண்ணைத் தேடத் தோன்றிவிடும்.

சாப்பிடாமல் போகாதீர்கள். காலி வயிற்றில் இந்தப் புளிப்பு எரியும். குடற்புண் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் சென்ட் பூசாதீர்கள். மூக்குக்குத்தான் இங்கே பாதி வேலை.

4. போகும் வழி

இறங்க வேண்டிய நிலையம் பிரஸ்ஸல்ஸ் மிடி. இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். இந்த நிலையத்துக்கு இரண்டு பெயர்: பிரெஞ்சில் மிடி, டச்சில் சௌட். இரண்டுக்கும் பொருள் தெற்கு. லூவன், கென்ட் நிலையங்களின் பலகையில் சௌட் என்றே காட்டும். மிடி என்ற பெயரை மட்டும் தேடினால் குழம்பிப்போவீர்கள். சென்ட்ரல் நிலையத்தில் இறங்குவதும் வேண்டாம்.

லூவனிலிருந்து மிடிக்கு அரை மணி நேரம். அங்கிருந்து ஆன்டர்லெக்ட் பகுதியில் இருக்கும் கூட் தெரு, 56ஆம் எண், நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடம். மெட்ரோவுக்குப் பணம் கொடுக்க வேண்டிய தூரம் இல்லை. நிலையத்தைச் சுற்றிலும் பிக்பாக்கெட் உண்டு, பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். ஆலைக்குப் பெரிய முகப்பு, வண்ண விளக்கு எதுவும் கிடையாது. பழைய தெருவில் ஒரு பழைய கட்டடம். கதவைத் தாண்டிப் போய்விடுவது எளிது.

காரில் போகாதீர்கள். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் ஓட்டுநருக்கு அனுமதித்த எல்லை. நான்கைந்து சின்ன கிளாஸுக்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடுவதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

5. செலவுக் கணக்கு

நுழைவுச் சீட்டு, சுவைத்துப் பார்க்கும் கிளாஸ்களோடு சேர்த்து, பத்து யூரோவை ஒட்டி வரும். வழிகாட்டியுடன் என்றால் கொஞ்சம் கூடும். பிறகு உள்ளேயே உட்கார்ந்து ஒரு பாட்டில் பகிர்ந்துகொள்ள விரும்பினால் அதற்குத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஆலையின் விலை நியாயமானது. அதே பாட்டில் நகர மையத்து மதுக்கூடத்தில் இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடும், மறுவிற்பனையில் இன்னும் மோசம். சுற்றுலாப் பயணிகள் நடமாடும் தெரு ஒன்றில், கண்ணாடி ஜன்னலில் வெயில் படும்படி நிறுத்தி வைத்திருந்த ஒரு பாட்டிலை அறுபது யூரோ கொடுத்து வாங்கினேன். திறந்தால் வாசனை செத்துப்போய் இருந்தது. வெளிச்சமும் சூடும் பட்ட பாட்டிலை எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் வாங்காதீர்கள்.

எங்கள் மாதக் கூட்டத்துக்கு ஐந்து பேருக்கு மூன்று பெரிய பாட்டில்கள், ரொட்டி, சீஸ், முள்ளங்கி. ஆளுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து யூரோ ஆகிறது. தனியாக ஒருவர் இதைச் செய்தால் கட்டுப்படியாகாது. ஆகவே முதல் வேலையாக நான்கு பேரைச் சேருங்கள்.

6. உள்ளே என்ன பார்ப்பது, என்ன வாங்குவது

கூரைக்குக் கீழே இருக்கும் செம்புத் தொட்டியைப் பார்க்காமல் இறங்காதீர்கள். நான் முதலில் அதை ஏதோ பழைய சாமான் என்று கடந்து போனேன். இந்தப் பீரின் புளிப்பு முழுக்கத் தொடங்குவது அந்த ஒரு இரவில்தான். அடுத்தது பீப்பாய்க் கூடம். ஒரு நிமிடம் பேசாமல் நின்று மூச்சை இழுங்கள். ஈர மரம், பழைய ஆப்பிள், கொஞ்சம் காடி (வினிகர்), தூசு. பிறகு கிளாஸில் இதே வாசனை வரும்போது அடையாளம் தெரியும். மூலையில் சிலந்தி வலை தொங்கும். அது அழுக்கு இல்லை. பழ ஈக்களைப் பிடிப்பதால் சிலந்தியை இவர்கள் விரட்டுவதில்லை.

சுவைக்கக் கொடுக்கும்போது முதலில் வருவது பெரும்பாலும் நுரையில்லாத லாம்பிக். மாவுக்கஞ்சியின் மஞ்சள் நிறம், குமிழே இல்லை. "பீரில் கேஸ் போயிடுச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அது அப்படித்தான் இருக்க வேண்டும். முதல் வாயில் முகம் சுளிக்கும். இரண்டாவது வாயை நாக்கு முழுக்கப் பரவவிட்டு மெதுவாக விழுங்குங்கள். மூன்றாவது வாய்க்குப் பிறகுதான் கருத்துச் சொல்ல வேண்டும். நான் ஒரே வாயில் தீர்ப்பு எழுதி ஒரு வருடத்தை வீணாக்கினேன்.

வாங்கும் விஷயத்துக்கு வருவோம். அன்றன்று என்ன இருக்கிறது என்பது பலகையில் எழுதியிருக்கும். சில வகைகளுக்கு ஆளுக்கு இத்தனை பாட்டில்தான் என்று கட்டுப்பாடு உண்டு, சிலவற்றை அங்கேயே உட்கார்ந்து குடிக்க மட்டும் தருவார்கள். சண்டை போடாதீர்கள். மறுவிற்பனைக்காரர்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. முதல் முறை போகிறவர் கூஸ் இரண்டு, கிரீக் ஒன்று வாங்கினால் போதும். அரிதான பாட்டில் ஏதாவது கிடைத்தால் அதை அங்கேயே பகிர்ந்து குடியுங்கள், வீட்டுக்கு கூஸைக் கொண்டுவாருங்கள். கூஸை நன்றாகப் புரிந்துகொண்டவருக்குத்தான் மற்றவை எல்லாம் விளங்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒருவேளை சூப்பர் மார்க்கெட்டில் வேறு ஆலையின் லாம்பிக்கை ஒப்பிட வாங்கினால் லேபிளைப் படியுங்கள். டச்சில் பழைய என்று பொருள்படும் 'அவுடெ' என்ற சொல் கூஸ் அல்லது கிரீக்குக்கு முன்னால் இருந்தால், அது பாரம்பரிய முறைப்படி செய்தது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் காக்கும் பெயர் அது. அந்தச் சொல் இல்லாத பழ பீர்களில் பலவும் சர்க்கரைச் சுவை கலந்தவை, குழந்தைகளின் சிரப் மருந்து போல இனிக்கும். கான்டியோன் லேபிளில் 'அவுடெ' இருக்காது, நூறு சதவீதம் லாம்பிக் என்று போட்டிருக்கும். ஒப்பிட எளிதில் கிடைப்பது லெம்பேக் ஊரின் பூன் ஆலையின் அவுடெ கூஸ். கான்டியோனைவிட மென்மையான புளிப்பு, ஆல்கஹால் 7 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள்.

ஊருக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு: கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் ஏற்ற விடமாட்டார்கள், ஆகவே பாட்டில்கள் பெட்டிக்குள்தான். இந்தியச் சுங்கம் ஒருவருக்கு வரியில்லாமல் விடும் மது இரண்டு லிட்டர். 75 சென்டிலிட்டர் பாட்டில் இரண்டும் 37.5 சென்டிலிட்டர் பாட்டில் ஒன்றும் சேர்ந்தால் 1.875 லிட்டர், எல்லைக்குள் அடங்கும். ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் பையில் கட்டி, துணிகளுக்கு நடுவில் வையுங்கள். பில்லைப் பாஸ்போர்ட்டோடு வைத்திருங்கள்.

7. வீட்டில் வைப்பதும் திறப்பதும்

வந்த கையோடு திறக்காதீர்கள். பயணத்தில் ஆடிய பாட்டில் பொங்கும், அடிமண்டியும் கலங்கியிருக்கும். குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் மூன்று வாரம், வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். நிலவறை இருந்தால் நல்லது. அறையில் தங்குகிற மாணவர்களுக்கு ஹீட்டருக்கு எதிர்ச்சுவரில் அலமாரியின் அடித்தட்டு. நீண்ட நாள் வைக்கும் பாட்டிலைப் படுக்க வைப்பது வழக்கம். குடிப்பதற்கு இரண்டு நாள் முன் நிமிர்த்தி வையுங்கள், மண்டி கீழே இறங்கிவிடும்.

சரி, திறக்கும் விதம். இங்கேதான் என் மேசை விரிப்பு போனது. இந்தப் பாட்டிலுக்கு இரண்டு மூடி. மேலே சோடா மூடி, அதற்கு அடியில் கார்க். சோடா மூடியை எடுத்ததும் உள்ளே கார்க்கைப் பார்த்துவிட்டு, வீட்டில் கார்க் ஸ்க்ரூ இல்லாமல் கத்தியால் குத்தித் தோண்டினேன். கார்க் பாதி உள்ளே விழ, பீர் மேலே பாய்ந்தது. நீங்கள் முன்பே ஒரு கார்க் ஸ்க்ரூ வாங்கிவிடுங்கள், ஐந்து யூரோவுக்கும் குறைவாகவே கிடைக்கும்.

பாட்டில் மிக ஜில்லென்று இருக்கக் கூடாது, சூடாகவும் இருக்கக் கூடாது. 12 முதல் 14 டிகிரி சரியான அளவு. ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் அரை மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள். மூடியை எடுத்ததும் கழுத்தைச் சுற்றி ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு, சிங்க் பக்கத்தில் நின்று, கார்க்கை மெல்ல மெல்ல இழுங்கள். 'டப்' என்று சத்தம் வர வேண்டிய அவசியம் இல்லை. பெருமூச்சு விடுவது போல 'உஸ்' என்று வந்தால் நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள். கார்க்கைத் தூக்கிப் போடாமல் முகர்ந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க் கெட்டுப்போயிருக்கிறது, பீரும் அப்படியே இருக்கும்.

ஊற்றும்போது பாட்டிலைத் திரும்பத் திரும்ப நிமிர்த்தாதீர்கள். ஐந்து கிளாஸையும் வரிசையாக வைத்து, ஒரே சாய்வில் எல்லாவற்றிலும் ஊற்றி முடித்துவிட்டு, கடைசி இரண்டு விரல் மண்டியைப் பாட்டிலிலேயே விடுங்கள். ஐந்து பேருக்கு ஊற்றினால் ஆளுக்கு 140 மில்லி வரும். சுவைக்க அது தாராளம்.

கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்பு வாசனையோ இருந்தால் நுரை உடனே சாகும். தனியாக வெந்நீரில் அலசி, கவிழ்த்து உலர்த்துங்கள்.

8. சுவைப்பது

அன்று சமையலறையில் பஜ்ஜி, தாளிப்பு எதுவும் வேண்டாம். மிக்சர், காரச்சேவு மேசைக்கே வரக் கூடாது. மிளகாய்க் காரமும் இந்தப் புளிப்பும் சேர்ந்தால் நாக்கு எரியும், வேறெதுவும் தெரியாது. பிரஸ்ஸல்ஸில் இதற்கு வழக்கமான துணை, கெட்டித் தயிர் போன்ற பிளாட்டகாஸ் சீஸைத் தடவிய ரொட்டி, மேலே முள்ளங்கித் துண்டும் வெங்காயத்தாளும். நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும்.

வரிசை: நுரையில்லாதது இருந்தால் அது முதலில், பிறகு கூஸ், பிறகு பழம் சேர்த்தவை. ராஸ்பெர்ரியைக் குடித்துவிட்டு கூஸுக்குத் திரும்பினால் கூஸ் வெறும் புளிப்பாகத் தெரியும். நடுவில் தண்ணீரும் ஒரு துண்டு ரொட்டியும்.

முதலில் பார்ப்பது, பிறகு மூக்கு, பிறகுதான் வாய். கிளாஸை ஆட்டும் முன் ஒரு முறையும், ஆட்டிய பின் ஒரு முறையும் முகருங்கள். இரண்டும் வேறாக இருக்கும். வாயில் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கவனியுங்கள். புளிப்பு எங்கே குத்துகிறது: நாக்கின் ஓரத்திலா, தாடை மூட்டிலா, தொண்டையிலா? துவர்ப்பு உண்டா, பல் கூசுகிறதா? விழுங்கிய பிறகு எத்தனை நேரம் நிற்கிறது?

தொண்டையில் குத்தும் புளிப்பு பெரும்பாலும் காடியின் புளிப்பு. மோர் போல நாக்கில் பரவி உமிழ்நீர் ஊற வைப்பது லாக்டிக் அமிலம், தயிரைப் புளிக்க வைப்பதும் அதுதான். நல்ல கூஸில் இரண்டாவது முன்னால் நிற்கும், முதலாவது பின்னால் லேசாக. வைக்கோல், தொழுவம், தோல் என்று வரும் வாசனைகள் பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. இந்த வகை ஈஸ்ட்டின் ஓர் இனத்துக்கு இந்த நகரத்தின் பெயரே இருக்கிறது. துவர்ப்பில் ஒரு பங்கு பீப்பாயின் மரத்திலிருந்து வருகிறது.

9. பேசுவது

எங்கள் கூட்டத்தில் முதல் மூன்று மாதம் பேச்சே சரியாக அமையவில்லை. யார் முதலில் வாயைத் திறந்தாரோ அவர் சொன்னதையே மற்றவர்களும் சொன்னார்கள். ஒருவர் "எலுமிச்சை" என்றால் ஐந்து பேருக்கும் எலுமிச்சை தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம், அதை இன்றுவரை மாற்றவில்லை. ஊற்றியதும் மூன்று நிமிடம் யாரும் பேசக் கூடாது. அவரவர் நோட்டில் நான்கு வரி: நிறம், வாசனை, வாய், விழுங்கிய பின். பிறகு வயதில் இளையவர் முதலில் படிக்க வேண்டும், அதிகம் தெரிந்தவர் கடைசியில். எங்களில் ஒரு தோழி மது குடிப்பதில்லை. அவர் முகர்ந்து மட்டும் எழுதுவார், பல நாட்களில் அவருடைய குறிப்புதான் மிகத் துல்லியமாக இருக்கும். குடிக்காத நண்பர்களை ஒதுக்காதீர்கள்.

அடுத்தது சொற்கள். இதைத்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். லாம்பிக்கைப் பற்றிய ஆங்கிலக் குறிப்புகளில் எல்லாம் குதிரைப் போர்வை வாசனை என்று ஒரு சொல் வரும். ஒரு வருடம் நானும் அதையே எழுதினேன். குதிரைப் போர்வையை என் வாழ்நாளில் நான் முகர்ந்ததே இல்லை. ஒரு நாள் கும்பகோணம் பக்கத்துத் தோழி ஒருவர் கூஸை முகர்ந்துவிட்டு, "மழையில நனைஞ்ச வைக்கோல் போரைப் பிரிச்சா வருமே, அந்த வாசனை" என்றார். மேசையில் இருந்த எல்லோரும் மறுபடி கிளாஸைத் தூக்கினோம். அதே வாசனைதான். எங்களோடு இருந்த பெல்ஜியப் பக்கத்து வீட்டுக்காரருக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது, அவருடைய தாத்தாவின் பண்ணை நினைவுக்கு வருகிறது என்றார்.

புளிப்பு என்ற ஒரே சொல்லோடு நிறுத்தாதீர்கள். நம் வாய்க்கு எத்தனை புளிப்பு தெரியும் என்று எண்ணிப் பாருங்கள்: அரிநெல்லி, களாக்காய், நாரத்தை, வடுமாங்காய், புளிச்சக்கீரை, மூன்றாம் நாள் மாவு, நீராகாரம், பழம்புளி. நுரையில்லாத லாம்பிக்கை நாங்கள் நீராகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். இரண்டு வருடம் வைத்த கூஸ் நாரத்தைத் தோல். கிரீக்கில் விதையை ஒட்டிய பகுதியின் துவர்ப்பு களாக்காயைப் போல. உங்கள் பட்டியல் வேறாக இருக்கும். எழுதி வையுங்கள்.

பிடிக்கவில்லை என்பதையும் பழுது என்பதையும் பிரித்துப் பேசுங்கள். புளிப்பு அதிகம் என்பது விருப்பம். நனைந்த அட்டை வாசனை, நகப்பூச்சு வாசனை, மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும் காடி: இவை பழுது. பழுது என்று தோன்றினால் ஒருவராவது அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விலை கொடுத்து வாங்கியதால் எல்லோரும் பாராட்டிக்கொண்டு உட்காரக் கூடாது.

ஒரே நாளில் மூன்று பாட்டிலுக்கு மேல் வேண்டாம். நான்காவதைப் பற்றி எழுதிய எந்தக் குறிப்பும் மறுநாள் எங்களுக்கே புரிந்ததில்லை.

கடைசியாக ஒரு வேலை. கூஸ் வாங்கும்போது எப்போதும் ஒரே தேதியில் பாட்டிலில் அடைத்தது இரண்டாக வாங்குங்கள். ஒன்றை இந்த மாதம் திறந்து, நோட்டில் எழுதிய நால்வரியைக் கிழித்து, மடித்து, இரண்டாவது பாட்டிலின் கழுத்தில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி அலமாரியின் அடித்தட்டில் வையுங்கள். சரியாக ஒரு வருடம் கழித்து அதே ஆட்களைக் கூப்பிடுங்கள். காகிதத்தைப் பிரிக்காமல் குடித்து, புதிதாக எழுதி முடித்த பிறகு பழையதைப் படியுங்கள்.

போன மாதம் நாங்கள் அப்படி ஒன்றைத் திறந்தோம். பழைய காகிதத்தில் என் கையெழுத்தில் "மோர், எலுமிச்சைத் தோல், பல் கூசுகிறது" என்று இருந்தது. புதிய நோட்டில் "நாரத்தை ஊறுகாய் ஜாடி, தேன், கூச்சம் இல்லை" என்று எழுதியிருந்தேன். இரண்டாவது காகிதத்தை மடித்து, அதே தேதியில் வாங்கிய மூன்றாவது பாட்டிலில் கட்டியிருக்கிறேன்.